வேலை தேடும் பிள்ளைகளிடம் மனநலப் படிவத்தை நீட்டுவதற்கு முன்

சார், நீங்கள் கேட்டது இது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு தாலுகா ஊரில் இலவசப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறீர்கள். நூறு பேர் வரை வருகிறார்கள். பெரும்பாலோர் பட்டதாரிகள், முப்பதுக்குள் வயது. பலர் சோர்ந்து தெரிகிறார்கள். ஒரு பையன் சில வாரங்களாக வரவே இல்லை, போனையும் எடுப்பதில்லை. மனநலப் பரிசோதனைக் கேள்விகளைக் கூகுள் ஃபார்மில் எல்லோருக்கும் அனுப்பி, மதிப்பெண் அதிகமாக வருபவர்களை டாக்டரிடம் அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்தப் பையன். அவனுக்குப் படிவம் எதுவும் வேண்டாம். இன்று சாயங்காலமே அவனோடு பழகிய நண்பன் ஒருவனும் உங்களில் ஒருவரும் அவன் வீட்டுக்குப் போங்கள். "ஏன்பா வரலை?" என்று ஆரம்பிக்காதீர்கள், அது வருகைப் பதிவேடு எடுப்பது மாதிரி இருக்கும். "பார்த்து நாளாச்சு, அதான் வந்தோம்" என்று சொன்னால் போதும். அப்பா அம்மா எதிரில் அவன் எதுவும் பேசமாட்டான். டீக்கடை வரைக்கும் நடந்துவிட்டு வரலாம் என்று வெளியே கூட்டிப் போங்கள். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்கிற மாதிரி பேச்சு வந்தால் என்ன செய்வது என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் முதலில் படித்துவிட்டுப் புறப்பட்டாலும் சரி.

மற்றவர்களுக்குப் பரிசோதனை நடத்தலாம், நடத்துவது நல்லது என்பதே என் கருத்து. ஆனால் கூகுள் ஃபார்மில் வேண்டாம், உடனேயும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராகப் பல வருடம் வேலை செய்து நான் தெரிந்துகொண்டது, படிவம் கடைசியில் வரவேண்டியது என்பதுதான். மதிப்பெண் அதிகம் வந்த பிள்ளையோடு யார் உட்கார்ந்து பேசுவார், எந்த டாக்டரிடம் எந்தக் கிழமை போக வேண்டும், அவனோடு பஸ்ஸில் யார் போவார், அடுத்த வாரம் யார் விசாரிப்பார் என்பதெல்லாம் முடிவான பிறகு படிவத்தை எடுங்கள். இவை இல்லாமல் எடுத்தால், துன்பத்தைச் சொல்ல வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். ஒருமுறை சொல்லி யாரும் கண்டுகொள்ளாமல் போனவன் இரண்டாவது முறை வாய் திறப்பது கஷ்டம்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. எந்த நோய்க்கு ஊரைக் கூட்டிப் பரிசோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் 1968-ல் வகுத்த நெறிகள் இன்றைக்கும் எல்லோரும் எடுத்துச் சொல்பவை. கண்டுபிடித்த பிறகு சிகிச்சை தர வசதி இருக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமான ஒன்று. மனச்சோர்வைப் பொறுத்தவரை நாடுகளுக்கு இடையிலேயே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு வயதுவந்தோர் எல்லோரையும் பரிசோதிக்கலாம் என்கிறது. ஆனால் சரியாகக் கண்டறிந்து, சிகிச்சை தந்து, தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு வேண்டும் என்பதையும் 2016-ல் சேர்த்தே சொன்னது. கனடாவின் பணிக்குழு 2013-ல் அறிகுறி எதுவும் தெரியாதவர்களை வழக்கமாகப் பரிசோதிக்க வேண்டாம் என்றது. எல்லோருக்கும் கேள்வித்தாள் கொடுப்பதால் மட்டும் நோய் குறைந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். இரண்டு தரப்பையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்: வேலையில்லாத இளைஞர்கள் பொதுமக்களில் சராசரி ஆட்கள் இல்லை. அவர்களிடம் கேட்பதற்குத் தனியான காரணம் இருக்கிறது.

2009-ல் பால், மோசர் என்ற இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலையில் இருப்பவர்களில் 16 சதவீதம் பேருக்கு மனநலத் தொல்லை இருந்தது என்றால், வேலையில்லாதவர்களில் அது 34 சதவீதம். மனம் சரியில்லாததால்தான் வேலை கிடைக்கவில்லையோ என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் பதில் இருக்கிறது. 1970-களின் இறுதியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியை விடும் முன்பே கேள்வித்தாள் கொடுத்து, பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். வேலை கிடைத்தவர்களின் மனநிலை தேறியது, கிடைக்காதவர்களுடையது மோசமானது. இரண்டு பக்கமும் உண்மைதான் என்றாலும், வேலையின்மை மனதைக் கெடுக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் சொல்வது மரியென்தால் கதை. வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊரே நம்பியிருந்த நூற்பாலை மூடப்பட்டது. மரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1931-ல் அங்கே போய் உட்கார்ந்து கவனித்தார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்த காலத்தில்தான் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம் குறைந்திருந்தது, நின்று நின்று போனார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். வேலை சம்பளம் மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு ஒழுங்கு, நாலு பேர் பழக்கம், சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், ஊரில் ஒரு அடையாளம், கைக்கு ஓயாத வேலை எல்லாம் தருகிறது என்று யஹோடா பிற்பாடு எழுதினார். உங்கள் மையத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஐந்தில் இரண்டு மூன்றை நீங்களே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் குளித்துக் கிளம்பி வர ஓர் இடம், மதியம் சேர்ந்து சாப்பிட ஆள். அதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். வராமல் நின்றவனைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது சரியான கவலை.

நம் ஊரில் இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அடுத்த முறை, அடுத்த முறை என்று நான்கைந்து வருடம் ஓடிவிடுகிறது. கீ ஆன்சர் வந்த அன்று ஒரு கணக்கு, கட் ஆஃப் பற்றி டெலிகிராம் குழுவில் ஒரு கணக்கு, ரிசல்ட் அன்று ஒரு கணக்கு என்று ஒரே தோல்வியை மூன்று முறை படுகிறார்கள். "இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியா?" என்ற கேள்விக்குப் பயந்து கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, கோயில் கொடைக்கு ஊருக்கு வருவதில்லை. ராத்திரி மண்டபத்தில் பரிமாறப் போவான், பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்வான், கேட்டால் "சும்மாதான் இருக்கேன்" என்பான். அரசு தரும் உதவித்தொகையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்தான். பஸ் செலவுக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டும்.

இனி கருவிக்கு வருவோம். உங்களுக்கு ஏற்றது பிஎச்க்யூ-9 (PHQ-9) என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள். 2001-ல் வெளியானது, கட்டணம் இல்லை, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். எதிலும் நாட்டமில்லாமை, மனம் சோர்ந்து நம்பிக்கை இழத்தல், தூக்கம், அசதி, பசி, தோற்றுவிட்டோம் அல்லது குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டோம் என்ற நினைப்பு, கவனம் சிதறுதல், மந்தமாகிவிடுவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, கடைசியாகச் சாவைப் பற்றிய எண்ணம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டும். பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்று ஏழு கேள்விகள் உண்டு, அதிலும் எல்லை பத்துதான். இரண்டையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம், கடைசிக் கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பார்கள்.

பத்து என்பது எவ்வளவு தூரம் நம்பத் தக்கது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உண்மையான மனச்சோர்வு உள்ள நூறு பேரில் சுமார் 88 பேரை அது பிடிக்கிறது. இல்லாத நூறு பேரில் சுமார் 85 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை உங்கள் நூறு பேர் மீது வைத்துப் பாருங்கள். அதில் இருபது பேருக்கு மனச்சோர்வு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், படிவம் அவர்களில் 18 பேரைப் பிடிக்கும், இரண்டு பேரைத் தவறவிடும். மீதி எண்பது பேரில் 12 பேர் நோய் இல்லாமலே பத்தைத் தாண்டுவார்கள். ஆக, முப்பது பேர் பட்டியலில் வருவார்கள், அதில் 12 பேருக்கு அந்த நோய் இல்லை. இருபதுக்குப் பதில் பத்துப் பேருக்குத்தான் நோய் என்றால், பட்டியலில் பாதிக்கு மேல் நோயில்லாதவர்களாக இருப்பார்கள். அந்த முப்பது பேரையும் "உனக்கு டிப்ரஷன்" என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? படிவம் சொல்வதெல்லாம் "இவனோடு உட்கார்ந்து பேசு" என்பதுதான். நோய் என்று முடிவு செய்வது அந்தப் பேச்சுக்குப் பிறகு, டாக்டரின் வேலை.

அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி காட்டுகிறேன். அடிக்கடி நடப்பதுதான்.

பையனுக்கு 12 வந்திருக்கிறது. நான் தாளை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போகிறேன்.

"தூக்கத்துக்கு மூணு போட்டிருக்கீங்க தம்பி. எப்போ தூங்குறீங்க?"

"ரெண்டு மணி ஆயிடும்க்கா. வேலை முடிஞ்சு வந்து கொஞ்சம் படிச்சிட்டு."

"படுத்தா தூக்கம் வருதா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி வரும். ஆறரைக்கு லைப்ரரியில இடம் பிடிக்கணும், எழுந்துடுவேன்."

இது தூக்கம் வராத நோய் இல்லை, தூங்க நேரம் இல்லை. அசதிக்கும் கவனச் சிதறலுக்கும் அதே காரணம். அவனுடைய பன்னிரண்டில் எட்டு இந்த மூன்று கேள்விகளிலிருந்து வந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறான், சிரிக்கிறான். இவனுக்கு வேண்டியது மாத்திரை இல்லை. மண்டப வேலையை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைக்க முடியுமா, அதற்கு ஈடாகக் கொஞ்சம் பணம் எங்கிருந்தாவது வருமா என்ற யோசனை.

அடுத்தவனுக்கு வெறும் ஒன்பது. எல்லைக்குக் கீழே. ஆனால் முதல் இரண்டு கேள்விகளுக்கும் தலா மூன்று. எதிலும் நாட்டமில்லை, தினமும் மனம் கனக்கிறது. மீதி மூன்று, தோற்றுவிட்டோம் என்ற கேள்வியில். நான் இவனைத்தான் அதிகம் பார்ப்பேன். மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் அது எந்தக் கேள்விகளிலிருந்து வந்தது என்று பாருங்கள். முதல் இரண்டையும் மட்டும் கூட்டினால் மூன்று வந்தாலே போதும், பேச வேண்டும். குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டோம் என்ற கேள்விக்கு வேலையில்லாத பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் ஏதாவது போடுவார்கள். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தாளில் ஒன்பது கேள்விகளுக்கும் அடியில் ஒரு துணைக் கேள்வி இருக்கும், இந்தத் தொல்லைகளால் வேலை செய்யவும் வீட்டைக் கவனிக்கவும் மற்றவர்களோடு பழகவும் எவ்வளவு சிரமம் என்று. வேலையே இல்லாத பையன் அதைப் படித்துவிட்டு "சிரமம் இல்லை" என்று போட்டுவிடுவான். அதனால் வாயால் கேளுங்கள்: தினமும் குளிக்கிறாயா, எத்தனை நாளாக நண்பர்களுக்குப் பதில் அனுப்பவில்லை, ஹால் டிக்கெட் எடுத்தும் பரீட்சைக்குப் போகாமல் இருந்திருக்கிறாயா. கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" வந்தால் நான் கூர்ந்து கவனிப்பேன்.

இப்போது ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. கூகுள் ஃபார்ம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். ஒரு பெண் இரவு பதினொன்றரைக்குப் படுக்கையில் இருந்தபடி அந்தக் கேள்விக்கு "ஏறக்குறைய தினமும்" என்று தட்டி அனுப்புகிறாள். நீங்கள் அந்தப் பட்டியலைத் திறப்பது வியாழக்கிழமை. நடுவில் இருக்கும் நாட்களுக்கு யார் பொறுப்பு? தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1.7 லட்சம் பேர், அதில் சுமார் 9 சதவீதம் பேர் வேலையில்லாதவர்கள் என்று பதிவானவர்கள். அந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அதே நாளில், அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் முன், தனியறையில் ஒருவர் பேசியாக வேண்டும். அதற்கு ஆள் இல்லாத நாளில் படிவத்தை எடுக்காதீர்கள்.

பேசும்போது சுற்றி வளைக்க வேண்டாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் கேட்டதும் அழுவார்கள், பிறகு மூச்சு விடுவார்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாயா, எப்போது என்று நினைத்திருக்கிறாயா, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா என்று கேளுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் தனியாக விடக்கூடாது, அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் இருந்தால் பூட்டி வைக்கவோ வேறு வீட்டுக்கு மாற்றவோ பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் சில நேரம் நிமிடங்கள்தான் இருக்கும், கைக்கு எட்டாமல் வைப்பது உயிரைக் காக்கும். "அம்மாவை நினைச்சுப் பாரு" என்று சொல்லாதீர்கள். அம்மாவுக்குப் பாரமாக இருக்கிறோம் என்பதுதான் அவன் வேதனையே.

எந்த நேரத்திலும் 14416-ஐக் கூப்பிடலாம். டெலி-மானஸ் என்ற அரசு இலவச எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசுவார்கள். 104-லும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகாவின் எண் 044-24640050. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்கே போகாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. இதைப் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, தாள் யார் கையில் இருக்கும் என்பது. உங்கள் பிள்ளைகள் கேட்கப்போகும் முதல் கேள்வி "இது நாளைக்கு வேலைக்குப் பிரச்சினை ஆகுமா?" என்பதுதான். நியாயமான பயம். படிவ மதிப்பெண் நோய் முடிவு இல்லை, அது எந்த அரசுப் பதிவிலும் ஏறுவதில்லை. சிகிச்சைக்குப் போனாலும் மேற்சொன்ன சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை அவர்கள் உரிமையாக்குகிறது. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து இன்றைக்கு ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் டெல்லியில் இருக்கிறது, தாள் உங்கள் மேசையில் இருக்கும். பாடம் நடத்துபவர் மதிப்பெண்ணைப் பார்க்கக் கூடாது. பெயர் எழுத வேண்டாம், டோக்கன் எண் போதும். எண்ணுக்கு உரிய பெயர் பேசப்போகும் அந்த ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போகக் கூடாது. யாருக்கு இடம் தருவது, யாரை மாதிரி நேர்காணலுக்கு அனுப்புவது என்பதற்கு இந்த மதிப்பெண்ணை ஒருபோதும் தொடக்கூடாது. விருப்பமில்லாதவர் எழுதாமல் போகலாம், அதற்காக அவரிடம் யாரும் காரணம் கேட்கக் கூடாது. இதில் ஒன்று மீறப்பட்டாலும் அடுத்த முறை எல்லோரும் ஒன்பது கேள்விக்கும் பூஜ்யம் போட்டுக் கொடுப்பார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பையனை வேலையில்லாதவன் என்கிறோம். அதே படிப்புப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு "வரன் பாக்குறாங்க" என்று பெயர். கணக்கில்கூட அவளை எடுப்பதில்லை. உங்கள் மையத்துக்கு வரும் பெண்கள் வீட்டில் ஒரு கெடு வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள்: இந்த ஒரு தேர்வு, இல்லையென்றால் கல்யாணம். அவர்களுடைய பதற்றம் தேர்வைப் பற்றியது மட்டும் இல்லை. பல வீடுகளில் பெண்ணின் போனை அண்ணனோ அப்பாவோ எடுத்துப் பார்ப்பார், ஆன்லைன் படிவம் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். பேசுவதற்கு ஒரு பெண் இருக்க வேண்டும். மாதவிடாயில் அதிக ரத்தம் போவதும் ரத்தசோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும் அசதி, மந்தம், சோர்வு என்று படிவத்தில் அப்படியே மனச்சோர்வு போலவே விழும். பத்தைத் தாண்டிய எந்தப் பெண்ணுக்கும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். இதைச் செய்யாமல் மனநல மாத்திரை தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

இந்தப் படிவம் பிடிக்காதவையும் உண்டு. தன்னைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், போனில் யாரோ கண்காணிக்கிறார்கள் என்று ஒருவன் மெல்ல ஒதுங்குவது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். அது தலைகாட்டுவதும் பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குள்தான் அதிகம். அவனுக்குப் படிவத்தில் நான்கு வரலாம். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் வேலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்த நோய் உள்ளவர்களை வேலைக்குத் திருப்புவதையே சிகிச்சையின் பகுதியாக வைத்திருக்கிறது. அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளவன் சோர்வுக் கட்டத்தில் இருக்கும்போது வெறும் மனச்சோர்வு போலவே தெரிவான். அதனால் "எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறின உற்சாகத்தில், கையில் இருந்த பணத்தையெல்லாம் செலவழித்து நாட்கணக்கில் இருந்ததுண்டா?" என்று கேட்டு, உண்டு என்றால் டாக்டரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும், மாத்திரையே வேறு. குடியையும் ஆன்லைன் சூதாட்டத்தையும் லோன் ஆப் கடனையும் படிவம் கேட்பதே இல்லை. "யாருக்காவது பணம் தரணுமா?" என்ற ஒரு கேள்வியைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், பல முடிச்சுகள் அங்கேதான் இருக்கும்.

பேசிய பிறகு என்ன செய்வது? ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் என்றால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள், பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். பத்திலிருந்து பதினான்கு என்றால் தொடர்ந்து பேச ஒரு ஆள். பதினைந்தும் அதற்கு மேலும் என்றால் டாக்டர். தொடர்ந்து பேசும் ஆள் பட்டம் பெற்ற உளவியலாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோவாவின் சங்காத் நிறுவனம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள், ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களே நன்றாகத் தேறினார்கள். அந்தப் பேச்சின் சாரம் எளிது: மனம் சரியானதும் செய்யலாம் என்று காத்திராமல், சின்னச் செயலை முதலில் செய்வது. காலையில் தம்பியைப் பள்ளியில் விட்டு வருவது, மாலையில் பூப்பந்து, வாரத்துக்கு ஒரு நண்பனைப் பார்ப்பது என்று நாள் குறித்து எழுதிக்கொள்வது, செய்த பிறகு மனம் எப்படி இருந்தது என்று குறிப்பது. உங்களில் இரண்டு மூன்று பேர் முறையாகப் பயிற்சி எடுத்தால் இதைச் செய்ய முடியும்.

மாத்திரை எழுதினால் பயப்பட வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் தூக்க மாத்திரை போல் அடிமையாக்குபவை இல்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் "ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொடங்கின முதல் சில வாரம் தவிப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கூடவே இருந்து கவனிக்க வேண்டும். நன்றாக ஆன பிறகும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வேலை இழந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் ஐந்து அமர்வாக ஒரு பயிற்சி நடத்தினார்கள். வேலை தேடுவது எப்படி, நிராகரிப்பு வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து அதற்குத் தயாராவது எப்படி என்பதைக் குழுவாகப் பயின்றார்கள். 1990-களில் மனச்சோர்வு, பணக்கஷ்டம், தயக்க சுபாவம் மூன்றையும் முன்கூட்டியே கேட்டு யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்துப் பார்த்தபோது, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குத்தான் பயிற்சியால் அதிக நன்மை கிடைத்தது. அவர்களை முதல் வரிசைக்குக் கொண்டுவரப் பரிசோதனை உதவியது. உங்கள் மையத்திலும் மதிப்பெண் அதிகம் வந்தவனை ஒதுக்கி உட்கார வைக்காமல், குழுப் படிப்பிலும் மாதிரி நேர்காணலிலும் முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அரசுத் தேர்வு ஒன்றே வழி என்று இருப்பவனுக்கு இரண்டாவது வழி ஒன்றைச் சேர்ந்து தேடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தனியார் துறை முகாம்கள் நடக்கின்றன. தேர்வை விடச் சொல்ல வேண்டாம், பகுதி நேர வேலையோடு படிக்கலாம் என்பதே பலருக்கு யாரும் சொல்லாத செய்தி.

எப்போது நடத்துவது? ரிசல்ட் வந்த வாரத்தில் வேண்டாம், எல்லோருக்கும் பதினைந்து வரும். தேர்வுக்கு முந்தைய மாதமும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், சாதாரணமாக வகுப்பு நடக்கும் ஒரு வாரத்தில் நடத்துங்கள். ஒரே நாளில் நூறு பேருக்குக் கொடுத்தால் முப்பது பேரோடு அன்றே பேச உங்களால் முடியாது. பத்துப் பத்துப் பேராக, காலையில் படிவம், மதியத்துக்குள் பேச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் படிவத்துக்குப் பதிலாக மையத்தைத் திறந்து வைத்து, டீ போட்டு, யார் வரவில்லை என்று மட்டும் பார்த்து அவர்களைப் போனில் கூப்பிடுங்கள்.

அதற்கு முன் இந்த வாரம் உங்கள் தாலுகா அரசு மருத்துவமனைக்குப் போய், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வாருங்கள். அவரையும் கூட வரும் சமூகப் பணியாளரையும் மையத்துக்கு ஒரு நாள் கூப்பிடுங்கள். உங்களில் பேசப்போகும் இரண்டு பேர் யார் என்று முடிவு செய்யுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவர்கள் இருவரும் முதலில் ஒருவருக்கொருவர் அந்த ஒன்பது கேள்விகளையும் சத்தமாகக் கேட்டுப் பழகட்டும். ஒன்பதாவது கேள்வியைக் குரல் தடுமாறாமல் கேட்க வந்த பிறகு முதல் பத்துப் பேரைக் கூப்பிடலாம்.